பாதியில் நிற்கும் நாவலும் பக்கத்தில் நிற்கும் நட்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடுகையில், செய்து முடித்தவற்றை நிரல்படுத்தி மகிழ்வது மரபு. அப்பணியைச் செயலர் தம் அறிக்கையில் செவ்வனே செய்துவிட்டார். ஆகவே, முடிவு பெறாமல் நிற்கும் ஒன்றைப் பற்றிப் பேச விழைகின்றேன். இவ்வட்டத்தின் முதற் கூட்டத்திலிருந்து உடனிருப்பவரும், இளைய உறுப்பினர்கள் 'அக்கா' என்று அழைப்பவருமாகிய தோழி ஒருவர் ஒரு நாவல் எழுதி வந்தார். அது பதினோராம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. நின்று ஓராண்டும் நான்கு திங்களும் ஆகின்றன. இதனை அவையில் பேச அவரிடமே இசைவு பெற்றேன். "பெயரைச் சொல்ல வேண்டாம், நாவலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். தம் பெயரை மறைத்துக்கொண்டு நாவலை மட்டும் பேச விடுகின்றவர், அதனை முற்றும் கைவிட்டவர் அல்லர் என்பதே என் முதல் நம்பிக்கை.

அந்நாவல் நம் கரிசல் மண்ணின் தீப்பெட்டித் தொழிலைப் பற்றியது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பினர் என்பதும், அதன்பின் மழை பொய்த்த இவ்வட்டாரத்தில் அது பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது என்பதும் நாம் அறிந்தவை. விடியுமுன் ஊர் ஊராக வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற பேருந்துகளையும் நம்மில் மூத்தவர்கள் அறிவர். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சட்ட நூல்களில் நிலைத்திருக்கும். ஆனால், தோழியின் நாவலில் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு சிறுமி வருகிறாள். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிவிட்டு வந்து, உண்ணாமலே உறங்கிப் போகிறாள். உறக்கத்திலும் அவள் விரல்கள் பாயின்மீது குச்சிகளை அடுக்கிக்கொண்டே இருக்கின்றன. தாய் அவ்விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு விடியும் வரை அமர்ந்திருக்கிறாள். இதை எந்தத் தீர்ப்பிலும், எந்தப் புள்ளிவிவரத்திலும் காண இயலாது. அதனை எழுதியவருக்கு அவ்விரல்களைத் தெரியும். அவை அவருடைய தமக்கையின் விரல்கள்.

இத்தகைய ஒன்றை எழுதியவர் ஏன் நிறுத்தினார்? அவர் மூன்று காரணங்கள் கூறினார். மூன்றையும் மதித்து ஆராய்வதே நட்புக்கு அழகு. "அப்படியெல்லாம் சொல்லாதீர்கள், நன்றாகத்தான் எழுதுகிறீர்கள்" என்று தோளில் தட்டிவிட்டுப் போவது எளிது. அதனால் ஒரு வரியும் கூடுதலாக எழுதப்படுவதில்லை.

முதற் காரணம், நேரமின்மை. அலுவலகம், அடுக்களை, முதிய மாமியாருக்கு மருந்து, மகளின் தேர்வு இவற்றுக்கிடையே எப்போது எழுதுவது என்று கேட்டார். பெண்ணாகப் பிறந்து பேனாவைத் தொட்ட எவரும் இதனைப் பொய்க் காரணம் என்று தள்ளமாட்டார். எனினும் வை. மு. கோதைநாயகி அம்மாளை ஈண்டு நினைவு கூர்தல் தகும். 1901ஆம் ஆண்டில் பிறந்த அவர், ஐந்து வயதிலேயே மணம் முடிக்கப்பெற்றவர். பள்ளி சென்று பயிலாதவர். கதை கட்டிச் சொல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அதனை எழுத்தில் வடிக்கும் பயிற்சி இல்லை. அப்போது பட்டம்மாள் என்னும் தோழி அவர் சொல்லச் சொல்ல 'இந்திர மோகனா' என்னும் நாடகத்தை எழுதிக் கொடுத்தார். எழுதப் படிக்கவும் அவரே கற்பித்தார். அதன்பின் நேர்ந்தது வரலாறு. 1925ஆம் ஆண்டில் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய கோதைநாயகி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அந்நாவல்களின் இலக்கியத் தரம் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், கோதைநாயகிக்கும் நேரம் எவரும் கொடையாக அளிக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது, அருகே அமர்ந்து "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்ட ஒரு தோழி. அக்கேள்வி இருந்ததால் நேரம் பிறந்தது.

தோழியோடு அமர்ந்து நான் ஒரு கணக்கும் போட்டேன். அவர் திட்டப்படி எஞ்சியிருப்பவை ஒன்பது அத்தியாயங்கள். ஏறத்தாழ 120 பக்கங்கள். வாரம் மூன்று பக்கம் எழுதினால் நாற்பது வாரங்களில் முடியும். நாவல் என்னும் மலை, மூன்று பக்கம் என்னும் கூழாங்கல்லாகிவிட்டால் அச்சம் குறைகிறது. திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை ஆகிய நான்கு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்தார். வகுப்பில் அவற்றைக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஊக்கம் மட்டும் போதுமாயின் அவர் முதல் அதிகாரத்தோடு நிறுத்தியிருப்பார். ஊக்கத்தை நாள்தோறும் தொழிலாக மாற்றுவதற்கு மேலும் மூன்று அதிகாரங்கள் அவருக்குத் தேவைப்பட்டன.

இரண்டாவது காரணம், ஒருவர் கூறிய கருத்து. நாவலின் முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்த அன்பர் ஒருவர், "இது கூலிக் கணக்காக இருக்கிறது, கதையாக இல்லையே" என்றாராம். ஒற்றை வாக்கியம், ஓராண்டு மௌனத்துக்கு வித்தாயிற்று. அக்கருத்தை நாம் சினமின்றி எடைபோடலாம். தொழிலாளரின் அன்றாடக் கணக்கு நாவலுக்குப் பொருளாகாது என்பது கருத்தாயின், தமிழ் நாவல் வரலாறே அதனை மறுத்துவிட்டது. நெசவாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு சிதம்பர ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' எழுதினார். அது 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே நேரிற்சென்று செய்தி திரட்டி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979ஆம் ஆண்டில் வந்தது. தோல் பதனிடும் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' 2010ஆம் ஆண்டில் வெளிவந்து, 2012ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கூலிக் கணக்கு இந்நாவல்களில் கதைக்குப் புறம்பாக நிற்கவில்லை. கதையை நகர்த்தும் விசையே அதுதான்.

அன்பர் கருதியது வேறாகவும் இருக்கலாம். கணக்கு மிகுந்து, மாந்தர் மறைந்துவிட்டனர் என்று அவர் சொல்ல நினைத்திருக்கலாம். அதில் உண்மையுண்டு. மூன்றாம் அத்தியாயம் சற்றே அறிக்கை போல அமைந்துள்ளது என்பதைத் தோழியிடமே கூறினேன். ஆனால், ஏழாம் அத்தியாயத்துக்கு வரும்போது கணக்கும் மாந்தரும் பிரிக்க இயலாதவாறு கலந்துவிட்டனர். உறங்கும் சிறுமியின் விரல்கள் செய்வதும் கணக்குத்தானே! ஐந்தாம் அத்தியாயத்தோடு படிப்பை நிறுத்தியவரின் தீர்ப்பை, ஏழாம் அத்தியாயம் எழுதியவர் ஏற்றுக்கொண்டு எழுத்தை நிறுத்துவது முறையன்று.

மூன்றாவது காரணமே கடினமானது. "எனக்கே பிடிக்கவில்லை, முதல் அத்தியாயத்தை எழுதியவர் ஒருவர், பதினோராவதை எழுதியவர் வேறொருவர் போலிருக்கிறது" என்றார். பிறர் கூறும் குறைக்கு விடை சொல்லலாம். தன் மனமே கூறும் குறைக்கு என்ன விடை சொல்வது? நான் சொன்னது இதுதான். அவர் சொல்வது உண்மை. இருவரும் வேறு வேறு ஆட்கள்தாம். இரண்டாமவர் எழுதக் கற்றவர். எழுதி எழுதியே அவர் கற்றார். அவ்வாறு கற்றவர், முதல் அத்தியாயத்தைத் திருத்தும் தகுதி பெற்றுள்ளார். ஆனால் திருத்தத்துக்கு உரிய காலம், கடைசி அத்தியாயம் எழுதப்பட்ட பின்னரே. சுவர் எழும்பிக் கூரை வேய்ந்த பிறகு வெள்ளையடிப்போம். கூரையில்லா வீட்டுக்கு வெள்ளையடித்தால் முதல் மழையிலேயே கரையும்.

நின்ற நாவலைப் பின்னாளில் எடுத்து முடித்தவர்கள் தமிழில் உண்டு. அ. மாதவையா 1892ஆம் ஆண்டில் 'விவேக சிந்தாமணி' இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்னும் தொடரைத் தொடங்கினார். அது இடையில் நின்றது. பதினோராண்டுகள் கழித்து, 1903ஆம் ஆண்டில், அக்கதையே 'முத்துமீனாட்சி' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1959ஆம் ஆண்டில் 'சரஸ்வதி' இதழில் தொடராகத் தொடங்கி, இடையில் நின்று, பின் முழுமை பெற்று 1966ஆம் ஆண்டில் நூலாயிற்று. பதினோராண்டும் ஏழாண்டும் நின்றவை நடக்கத் தொடங்கினவென்றால், ஓராண்டும் நான்கு திங்களும் நின்றது நடவாதா?

முடிவு பெறாமலே போனவையும் உண்டு. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகம் 1925ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது முற்றுப்பெறவில்லை. பாரதியாரின் 'சந்திரிகையின் கதை' 1921ஆம் ஆண்டில் அவர் மறைவோடு நின்றது. கல்கியின் 'அமரதாரா'வை, 1954ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அவருடைய குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார். இவற்றை நிறுத்தியது கூற்றுவன். கூற்றுவன் கேளாத ஒன்றை நாமே முன்வந்து கொடுப்பது எதற்கு?

இவ்விடத்தில் ப. சிங்காரத்தையும் நினைக்கின்றேன். 'கடலுக்கு அப்பால்' 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடிக்கப்பெற்ற பின்னும் பல்லாண்டு காத்திருந்து 1972ஆம் ஆண்டில்தான் நூலாயிற்று. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாகத் திறனாய்வாளர் அதனைப் போற்றுகின்றனர். மதுரையில் தனித்து வாழ்ந்த அவர் 1997ஆம் ஆண்டில் மறைந்தார். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் மூன்றாவது நாவல் ஒன்று அவரிடமிருந்து வரவில்லை. வந்திருந்தால் எத்தகையதாக இருந்திருக்கும் என்று தமிழுலகம் இனி அறியப்போவதில்லை. காலங்கடந்து வரும் புகழ் நூலுக்குப் பயன்படும். எழுதும் கைக்குப் பயன்படாது. எழுதும் கைக்கு வேண்டுவது எழுதும்போதே கிடைக்கவேண்டும்.

அவ்வாறு வேண்டுவது எது? நான் எண்ணிப் பார்த்தவரையில், அது காத்திருக்கும் ஒரு வாசகர்.

நம் மரபு இதனை நன்கு அறிந்திருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுட்களைச் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதியதை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் விரித்துரைக்கின்றார். கவிஞர் வாய்திறக்கும் முன்பே அடுத்த செய்யுளுக்காக எழுத்தாணியோடு ஒருவர் காத்திருந்தார். நூல் முடிந்ததும் அவை கூடி அரங்கேற்றம் நிகழ்ந்தது. அச்சுக் காலம் வந்தபின் அவ்விடத்தை இதழ்கள் ஏற்றன. ராஜமய்யர் தம் இருபதுகளின் தொடக்கத்தில், 1893ஆம் ஆண்டு முதல், 'கமலாம்பாள் சரித்திர'த்தை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக எழுதினார். 1898ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. இதழ் கேட்டிராவிட்டால் அந்நாவலை நமக்கு விட்டுச்செல்லும் அளவுக்கு அவருக்கு வாழ்நாள் இருந்ததா என்பது ஐயமே. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் 'பொன்னியின் செல்வன்' எழுதினார். அவருக்குச் சோர்வு தோன்றாத வாரம் இருந்திருக்குமா? ஆனால் வாரம் தோறும் அச்சகம் காத்திருந்தது. அச்சகத்துக்கு அப்பால் வாசகர் காத்திருந்தனர். இன்று இதழ்களில் தொடர்கதைக்குரிய இடம் பெரிதும் சுருங்கிவிட்டது. நாவலாசிரியர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஆண்டுக்கணக்கில், எவரும் கேளாமல் எழுத வேண்டியுள்ளது. முன்பு இதழ் செய்த பணியை இன்று நண்பர்தாம் செய்யவேண்டும்.

நம் மண்ணிலேயே அதற்குச் சான்று உண்டு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923ஆம் ஆண்டில் பிறந்த இருவர், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். முன்னவர் சென்னைக்குச் சென்றபின்னும் இருவரிடையே கடிதங்கள் சென்று வந்தன. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாகவும் வந்துள்ளன. அழகிரிசாமி 1970ஆம் ஆண்டில் மறைந்தார். கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' 1976ஆம் ஆண்டில் வெளிவந்தது. நண்பர் மறைந்து ஆறாண்டு கழித்து வந்த அந்நாவலை அவர் படிக்கவில்லை. ஆயினும், தன் சொல்லைக் கேட்க ஒருவர் இருந்தார் என்னும் நினைவு, ஆள் மறைந்தபின்னும் எழுத்தாளருக்குத் துணைநிற்கும் என்றே நான் கருதுகின்றேன். அதே கரிசலில் பிறந்த பூமணி, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட 'அஞ்ஞாடி'யை எழுதி முடித்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்டார். இம்மண் நெடிய உழைப்புக்கு அஞ்சாத மண்.

எனவே, நண்பர்களாகிய நாம் செய்யத்தக்கவை சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கின்றேன்.

முதலாவது, நாவல் எழுதுகின்றவரிடம் "எப்போது முடியும்?" என்று கேளாதிருப்போம். அக்கேள்வி கடன்காரர் கேட்பது. "அந்தச் சிறுமி பிறகு என்ன ஆனாள்?" என்று கேட்போம். அது வாசகர் கேட்பது.

இரண்டாவது, எழுதி முடியாத நாவலுக்குத் தீர்ப்பு வழங்காதிருப்போம். எவ்விடத்தில் நமக்கு மனம் ஒன்றியது, எவ்விடத்தில் விலகியது என்பதை மட்டும் பக்கம் குறிப்பிட்டுச் சொல்வோம். நன்று, தீது என்பவற்றைக் கடைசிப் பக்கம் வரும் வரை ஒத்திவைப்போம். பொய்ப் பாராட்டும் வேண்டாம். பொய்யை எழுத்தாளர் எளிதில் கண்டுகொள்வர். பிறகு நம் மெய்யையும் நம்பமாட்டார்.

மூன்றாவது, நேரத்தைப் பகிர்ந்து கொள்வோம். ஞாயிறு முற்பகல் இரண்டு மணி நேரம் தோழியின் மாமியாருக்குத் துணையிருக்க வட்டத்தின் உறுப்பினர் இருவர் முன்வந்துள்ளனர். இலக்கியத் தொண்டு என்பது மேடையில் பேசுவது மட்டுமன்று. எழுதுகின்ற பெண்ணின் வீட்டு அடுப்பை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வதும் இலக்கியத் தொண்டே.

நான்காவது, இவ்வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் கடைசி அரைமணியை எழுதப்பட்டுவரும் படைப்புக்கு ஒதுக்குவோம். எழுதியவர் படிக்கட்டும், நாம் கேட்போம். எழுதாத திங்களில் அவ்வரைமணி வெறுமையாகவே இருக்கட்டும். வேறு நிகழ்ச்சியால் அதனை நிரப்ப வேண்டாம். வெற்றிடமும் ஒரு வகையில் காத்திருப்பே.

இந்நாவல் எழுதப்படாவிட்டால் உலகம் நின்றுவிடுமா என்று கேட்கலாம். நிற்காது. தீப்பெட்டித் தொழிலில் இயந்திரம் நுழைந்து, கையால் குச்சி அடுக்கிய தலைமுறை முதுமை எய்தி வருகிறது. அவர்கள் வேலையினூடே பேசிய சொற்கள், பாடிய பாட்டுகள், விரல் தேய்ந்ததை மறைக்கச் செய்த கேலிகள் யாவும் அவர்களோடு போய்விடும். அதனால் எந்த நாளிதழிலும் செய்தி வராது. ஆனால், உறங்கும் மகளின் விரல்களைப் பொத்திக்கொண்டு அமர்ந்த அந்தத் தாயை அறிந்தவர் ஒருவரும் இல்லாத நாள் ஒன்று வரும். அந்நாளுக்காகவே நாவல்கள் எழுதப்படுகின்றன.

தோழியே, இறுதியாக உங்களிடம் ஒரு சொல். உங்கள் நாவல் பெருநாவலாகும் என்று நான் வாக்களிக்க இயலாது. பரிசு பெறும் என்றும், பதிப்பாளர் வாயிலில் வந்து நிற்பர் என்றும் கூறமாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே. பதினோராம் அத்தியாயத்தின் முடிவில் அச்சிறுமி ஆபீசு வாயிலில் பேருந்தைத் தவறவிட்டு இருளில் நிற்கிறாள். ஓராண்டும் நான்கு திங்களும் அவள் அங்கேயே நிற்கிறாள். அவளை வீட்டுக்கு அழைத்து வரும் வழி உங்களுக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த திங்கள் கூட்டம் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. கடைசி அரைமணி உங்களுக்குரியது. மூன்று பக்கம் போதும்.